தகப்பனார் பெயர்

சேசு மரி சூசை துணை

விவேக் நகர், பெங்களூர்
8.1.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு அம்மா கொடுத்தனுப்பிய கல்கல் டப்பா காலி. பாதிக்கு மேல் என் மாமியார்தான் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சர்க்கரை கொஞ்சம் கூட என்றும் சொன்னார். அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்போது என் பாடு. மஸ்கட்டிலிருந்து அவர் போன் பண்ணினார். கம்பெனியில் குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்களாம். ஏப்ரல் கடைசிக்குள் நான் போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். நான் போக விசா வேண்டும், விசாவுக்கு எங்கள் திருமணச் சான்றிதழ் வேண்டும். அதுதான் இருக்கிறதே என்பீர்கள். இருந்தால் போதாது அப்பா. அது உண்மை என்று முதலில் நோட்டரி சொல்ல வேண்டும். நோட்டரி சொன்னது உண்மை என்று இங்கே மாநில உள்துறை சொல்ல வேண்டும். உள்துறை சொன்னதை டெல்லியில் வெளியுறவுத் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் ஓமன் தூதரகம் முத்திரை வைத்தால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது அந்த ஊரில் செல்லும். எட்டு மாதம் முன்பு நானூறு பேருக்குப் பிரியாணி போட்டீர்களே, அதில் ஒருவர் சாட்சிகூடச் செல்லாது.

இதையெல்லாம் டெல்லிக்கு அனுப்பி வாங்கித் தர பிரேசர் டவுனில் டென்சில் என்று ஒருவர் இருக்கிறார். சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். நல்ல மனிதர். என் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, பாஸ்போர்ட்ல தகப்பனார் பேரு சில்வெஸ்டர். இதுல சவரிமுத்து. யாரும்மா இவங்க ரெண்டு பேரும்? எம்பசியில இதே மாதிரிதான் வெச்சுப் பாப்பாங்க. மொத்தக் கட்டும் திரும்பி வந்துடும்" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தங்க மைனிலும் என் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் நீங்கள் சில்வெஸ்டர். அம்மாவுக்கும் ஆற்காட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் சவரிமுத்து. சின்ன வயதில் நான் கேட்டபோது, "ஒன்னு வீட்டுப் பேரு, ஒன்னு மைன் பேரு" என்றீர்கள். பாஸ்போர்ட்டுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொடுத்தோம், அதில் மைன் பேர் வந்தது. கல்யாணத்தன்று சாமியார் பதிவேட்டை வைத்துக்கொண்டு கேட்டபோது நீங்கள் வீட்டுப் பேரைச் சொல்லிவிட்டீர்கள். நான் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கவனிக்கவில்லை.

ஒன்றும் பெரிய வேலை இல்லை. "சில்வெஸ்டர், சவரிமுத்து என்னும் இரண்டு பெயர்களும் ஒரே ஆளாகிய என்னையே குறிக்கும்" என்று முத்திரைத் தாளில் ஒரு பிரமாணப் பத்திரம். அங்கே ராபர்ட்சன்பேட்டை நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்து. இந்த வாரமே போட்டு அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்
பிரிசில்லா

*

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
17.1.2001

என் அன்பு மகள் பிரிசில்லாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் கர்த்தர் புண்ணியத்தில் இருக்கிறோம். கல்கல் பற்றி நான் பாதிதான் சொன்னேன், அவள் மீதியைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு அடுத்த தடவை உப்புச் சீடை அனுப்புகிறாளாம்.

பத்திரம் விஷயம் பார்த்தேன். ஒரு வாரமாக முட்டிவலி. ராபர்ட்சன்பேட்டை வரை போய்வருவது கஷ்டம். தவிர, மைனை மூடப் போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு. யூனியன் ஆபீசுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறோம்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ போவது உன் புருஷனிடம். புருஷன் பேர் சரியாக இருந்தால் போதாதா? அந்த ஊர்க்காரர்களுக்கு உன் அப்பன் பேர் எதற்கு? டென்சிலிடம் கேட்டுப் பார். வேறு வழி இருக்கும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். குளிர் காலம், காதை மூடிக்கொண்டு பஸ் ஏறு.

உன் அப்பா

*

விவேக் நகர்
27.1.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி என்கிறீர்கள். கையெழுத்துப் போடுவது முட்டியாலா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு வழியில்லை. உள்துறை முத்திரை வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடும் அதிகாரி லீவு, மூன்று நாள் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் "நாளே பன்னிம்மா", நாளைக்கு வா என்று கன்னடத்தில் சொன்னார். நாலாம் நாள் அவர் வருவதற்கு முன்பே நான் அவர் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. நீங்கள் சொல்வீர்களே, சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் முதல் ஆளாக நிற்கிறவன்தான் முதலில் இறங்குவான் என்று. அது கவுண்டருக்கும் பொருந்துகிறது.

வேறு வழி இல்லையா என்று டென்சிலிடம் கேட்டேன். அவருக்கே அலுத்துவிட்டது. "ரெண்டே வழிதாம்மா. ஒன்னு, ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு எழுதிக் கொடுக்கணும். இல்லேன்னா அதுல ஒருத்தர் உன் அப்பா இல்லேன்னு எழுதிக் கொடுக்கணும்" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

நானே முத்திரைத் தாளில் டைப் அடித்து, ரயிலில் தினமும் வேலைக்கு வந்துபோகும் நம் பக்கத்து லைன் முத்தம்மா அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நோட்டரியை வீட்டுக்கே அழைத்துவரவும் அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். முட்டி மடக்க வேண்டாம், கட்டிலில் உட்கார்ந்தபடியே போடுங்கள்.

எட்டு மாதத்தில் அவரோடு நான் இருந்தது இருபத்திரண்டு நாள் அப்பா. இதை உங்களிடம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு என் வீடு வேண்டும்.

பிரிசில்லா

*

சாம்பியன் ரீஃப்
4.2.2001

அன்பு மகளுக்கு,

முத்தம்மா தாளைக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை. முட்டிவலியும் இல்லை. உனக்குக் கல்யாணமாகிவிட்டது, இனி உன்னிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. இதை உன் மாமியார் வீட்டில் சத்தமாகப் படிக்காதே.

சில்வெஸ்டர் என் மைன் பேர் இல்லை. என் அண்ணன் பேர்.

1966ஆம் வருஷம். அண்ணனுக்கு இருபது வயது, எனக்குப் பதினேழு. மைனில் அவனுக்கு மெடிக்கல் முடிந்து, நம்பர் போட்ட டோக்கனும் கொடுத்து, முதல் தேதி வந்து இறங்கு என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போக ஊருக்கு வந்தவனை மஞ்சள் காமாலை பிடித்தது. பதினோரு நாள்தான். அடக்கம் பண்ணின மறுநாள் என் அப்பா அந்த டோக்கனை என் கையில் வைத்தார். எனக்குப் பின்னால் நாலு தங்கச்சிகள். "இனிமே நீதான்டா சில்வெஸ்டர்" என்றார். அவர் அழவில்லை, அதனால் நானும் அழவில்லை. ரயில் ஏறிவிட்டேன்.

டோக்கனில் போட்டோ கிடையாது. முகமும் அண்ணன் ஜாடைதான். டைம் ஆபீசில் பேரைக் கூப்பிட்டார்கள், கையைத் தூக்கினேன். அன்றைக்குத் தூக்கின கையை இன்னும் இறக்கவில்லை.

அவன் செத்ததை எங்கேயும் பதியவில்லை. பதிந்தால் நம்பர் போய்விடும். கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் அவரவர் வீட்டில் செத்தவர்களின் பேரை எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள், உனக்கே தெரியும். முப்பத்து நாலு வருஷத்தில் அண்ணன் பேரை நான் ஒரு தடவை எழுதிக் கொடுத்ததில்லை. எப்படிக் கொடுப்பது? சில்வெஸ்டர்தான் மூன்றாம் பெஞ்சில் முழங்கால் போட்டுக்கொண்டிருக்கிறானே.

உன் கல்யாணத்தன்று சாமியார் பேனாவைத் திறந்து கேட்டார். பீடம் எதிரில் இருந்தது. வாய் தவறிச் சொல்லவில்லை அம்மா. எங்கேயாவது ஓர் இடத்தில் என் மகளுக்கு அப்பன் நானாக இருக்கட்டும் என்று சொன்னேன். அது உன் காலில் முள்ளாகும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது நீ அனுப்பின தாளுக்கு வருகிறேன். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று அதில் நான் சத்தியம் பண்ணினால் என் அண்ணன் பிறக்கவே இல்லை என்று ஆகிறது. அவன் பேரில் சோறு தின்றேன். அவன் பேரில் உன்னைப் படிக்க வைத்தேன். அவன் இல்லவே இல்லை என்று மட்டும் சொல்லச் சொல்லாதே.

இன்னொன்று. மைன் கொடுத்த இந்த லைன் வீடு சில்வெஸ்டர் பேரில் இருக்கிறது. மைனை மூடினால் குடியிருப்பவர்களுக்கே வீட்டை எழுதிக் கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு. ஆள் மாறின கதை வெளியே வந்தால் உன் அம்மா எங்கே போவாள்?

என்னை மன்னித்துக்கொள்.

உன் அப்பா

*

விவேக் நகர்
11.2.2001

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைக் குழந்தை இயேசு கோயிலில் உட்கார்ந்து படித்தேன். வியாழக்கிழமைக் கூட்டம். என் பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ பெரிய வேண்டுதலுக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தன் மெழுகுவர்த்தியில் ஒன்றைக் கொடுத்தார். பெரியப்பா பேரைச் சொல்லி ஏற்றினேன். எனக்குப் பெரியப்பா என்று ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரிய வேண்டுமா?

முதலில் உங்கள் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு பதினேழு வயதில் அந்த டோக்கனோடு ரயிலில் உட்கார்ந்திருந்தவனை நினைத்தேன். ஆத்திரம் போய்விட்டது.

அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். அதைப் பற்றி இனி உங்களிடம் பேச மாட்டேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், மாத்திரையை மட்டும் நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். என் வழியை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பிரிசில்லா

*

சாம்பியன் ரீஃப்
6.3.2001

அன்பு மகளுக்கு,

பிப்ரவரி கடைசி நாள் மைனை மூடிவிட்டார்கள். இப்போது காலையில் சங்கு ஊதுவதில்லை. ஆனாலும் நாலரைக்கு எழுந்துவிடுகிறேன். உன் அம்மா, "எழுந்துதான் எழுந்தீங்க, தண்ணியாவது புடிங்க" என்கிறாள். பிடிக்கிறேன்.

இதோடு முத்தம்மா கையில் ஒரு கவர் அனுப்புகிறேன். உள்ளே இருப்பது நோட்டரி முன்னால் நான் போட்ட பிரமாணப் பத்திரம். நீ டைப் அடித்த தாள் இல்லை, நானே சொல்லி எழுதவைத்தது. அதில் உள்ளது இதுதான். சவரிமுத்து ஆகிய நான் சில்வெஸ்டரின் தம்பி. பிரிசில்லா என் அண்ணன் சில்வெஸ்டரின் மகள். அவள் கல்யாணத்தன்று அண்ணன் உடம்புக்கு முடியாமல் இருந்ததால் சித்தப்பன் என்ற முறையில் நான் பீடத்தில் நின்றேன். என்னையே தகப்பன் என்று எண்ணிப் பதிவேட்டில் என் பேரை எழுதிவிட்டார்கள். பெண்ணின் தகப்பனார் சில்வெஸ்டர் என்று திருத்திக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

டென்சில் சொன்ன இரண்டாவது வழி. பாஸ்போர்ட்டோடு பொருந்திவிடும். வீட்டுக்கும் ஆபத்தில்லை. அண்ணனும் அவன் பாட்டுக்கு இருக்கிறான்.

இதுவும் பொய்ச் சத்தியம்தானே என்று கேட்பாய். நானும் மூன்று ராத்திரி யோசித்தேன். முதல் தாள் அவனை இல்லை என்கிறது. இது என்னைத்தான் இல்லை என்கிறது. அவனை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னைச் சொல்லிக்கொள்ளலாம், பழக்கப்பட்டதுதான்.

நாளையே டென்சிலிடம் கொடு. ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவனவன் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறான். நான் ஒரு தாள்தானே கொடுக்கிறேன். மாப்பிள்ளையோடு நல்லபடியாக இரு.

எழுதினவன்

*

விவேக் நகர்
14.3.2001

அன்புள்ள என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியில் 'எழுதினவன்' என்று போட்டிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து நீங்கள் எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் 'உன் அப்பா' இல்லாமல் இருந்ததில்லை. பத்திரத்தில் போட்டது போதாதென்று கடிதத்திலுமா?

டென்சிலிடம் காட்டினேன். "சூப்பர்மா, இதான் வேணும்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. எனக்கே கை வரவில்லை. பிரேசர் டவுனிலிருந்து பஸ்கூட ஏறாமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

அப்பா, அந்தத் தாளில் நாலு முத்திரை விழுந்தால் அது உண்மையாகிவிடும். நோட்டரி சொல்லுவார், உள்துறை சொல்லும், டெல்லி சொல்லும், ஓமன்காரர் சொல்லுவார், நான் உங்கள் மகள் இல்லை என்று. நாளை எனக்குக் குழந்தை பிறந்தால் அதன் காகிதத்திலும் அதுதான் ஏறும். சும்மா ஒரு தாள் என்று நினைக்கிறீர்கள். எந்தத் தாளும் சும்மா இருப்பதில்லை என்று இந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. டென்சிலுக்கு அது தெரியாது. மேயோ ஹால் கோர்ட்டில் சுப்புலக்ஷ்மி என்று ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். திருத்த வேண்டியது திருமணச் சான்றிதழை இல்லை, மற்ற எல்லாவற்றையும்தான் என்றார். பள்ளிக்கூடச் சான்றிதழில் தகப்பனார் பெயரைச் சவரிமுத்து என்று மாற்ற கோர்ட்டு உத்தரவு வேண்டும். உத்தரவு வந்தால் பாஸ்போர்ட்டை மாற்றலாம். அதன் பிறகு நாலு முத்திரை. "உங்கப்பா கூண்டுல ஏறி, தான் யாருன்னு சொல்லணும். சொல்லுவாரா?" என்று கேட்டார்.

உங்களை இப்போது வரச் சொல்லவில்லை. வீட்டுக் காகிதம் அம்மா கைக்கு வரட்டும். ஒரு வருஷமோ, மூன்று வருஷமோ, அது வரை நான் காத்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடம் நேற்று போனில் எல்லாம் சொன்னேன். "வீடு இன்னொருத்தனுக்குப் போகட்டும். நீ உங்கப்பா பேரோடயே வா" என்றார். போனை வைத்த பிறகுதான் நான் அழுதேன்.

உங்கள் பத்திரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இப்படி எழுதினால் நான் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

சவரிமுத்து மகள்
பிரிசில்லா

*

சாம்பியன் ரீஃப்
3.11.2001

என் மகளுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். நடந்ததை முத்தம்மா ரயிலில் வந்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் மாப்பிள்ளை லீவில் வந்து நீங்கள் இரண்டு பேரும் இங்கே தங்கின இரண்டு நாளும், அவர் கேஸ் பற்றியோ காகிதம் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போன பிறகு உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே தெரியுமாம். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இருபத்தேழு வருசம் ஆச்சு" என்றாள். வீடு போனால் என்று இழுத்தேன். "மக வீட்டுக்காரரு வீட்டையே விட்டுட்டு நிக்கறாரு. நமக்கு இந்த ஓட்டுக்கூரை பெருசா?" என்றாள்.

கோயில் ஆபீசில் பேர்ச் சீட்டு வாங்கினேன். பேர் என்ற இடத்தில் 'சில்வெஸ்டர்' என்று எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'அண்ணன்'. சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூசையில் சாமியார் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். "சாம்பியன் ரீஃப் சில்வெஸ்டர்" என்றதும் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெஞ்சும் திரும்பிப் பார்த்தன. முப்பத்து நாலு வருஷம் என்னோடு கேஜில் இறங்கினவர்கள். முத்தம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இன்னாண்ணா, உங்க பேர வாசிக்கிறாங்க? உசுரோட இருக்கிற ஆளுக்கு யாரு சீட்டு குடுத்தது?" என்றாள். நான்தான் கொடுத்தேன் என்றேன்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். சொன்னேன். டோக்கனிலிருந்து உன் கல்யாணம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு கடைசி லைனில் இருக்கும் ஒருவர், என்னைவிட மூத்தவர், பேரை இங்கே எழுதவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் ஒரு சீட்டு எழுதணும்பா" என்றார். அவரும் யார் பேரிலோ இருக்கிறார் போல. அண்ணனுக்கு இங்கே கல்லறை இல்லை. யாருடையது என்று தெரியாத ஒரு பழைய கல்லறையின் மேல் அவனுக்கான மெழுகுவர்த்தியை வைத்தேன். அப்போதுதான் அழுதேன். 1966இல் அழ வேண்டியது.

திங்கட்கிழமை காலை மைன் ஆபீசில் மிச்சமிருக்கும் அதிகாரியைப் பார்த்து நானே சொல்லப் போகிறேன். வீட்டை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் புண்ணியம். எதுவானாலும் நீ பயப்படாதே. இருட்டில் எட்டாயிரம் அடி இறங்கினவனுக்குக் கோர்ட்டுப் படி நாலு ஏற முடியாதா?

வக்கீலம்மாவிடம் தேதி வாங்கச் சொல். முதல் ரயிலில் வருகிறேன். சம்பந்தியம்மாவுக்கு உப்புச் சீடையும் வருகிறது.

கூண்டில் ஏறினால் முதலில் பேரைத்தான் கேட்பார்களாம். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா
சவரிமுத்து